பெரியக்கா எழுந்திருக்கும் வரை

பியோ ஓக்ரியேவுக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை பொய் சொல்லும் வேலை இருந்தது. மற்ற நாட்களில் அவள் பல்கலைக்கழக மாணவர் உணவகத்தில் தட்டு கழுவினாள். ஏரிக்கரையில் குன்றின்மேல் இருந்த பல்கலைக்கழகம் அது. பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. தலைநகரில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வந்து சேரும் இடம்.

பொய் சொல்ல அவளைக் கூப்பிட்டவர் சமூக உளவியல் பேராசிரியர் பான். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அறிமுக வகுப்பு எடுப்பவர். ஒல்லியான மனிதர், எதைச் சாப்பிட்டாலும் பாதி தட்டிலேயே இருக்கும். தட்டு கழுவுகிறவளுக்கு அந்த மாதிரி ஆட்கள் முதலில் கண்ணில் படுவார்கள். அவருக்கு அப்போது ஒரு குறை இருந்தது. ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் நீளம் வேறுவேறான மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமானது எது என்று கேட்க வேண்டும். கூட்டத்துக்குள் தன் ஆட்களை வைத்துத் தப்பான பதிலைச் சொல்ல வைத்தால் மற்றவர்களும் அதையே சொல்வார்கள் என்பது பாடம். ஆனால் இவர் பிள்ளைகள் அப்படிச் சொல்லவில்லை.

முளைப்பயறு சூப்பைக் கலக்கிக்கொண்டே அவளிடம் புலம்பினார். "எல்லாருக்கும் ஒரே வயசு அக்கா. யார் பின்னாடி போறதுன்னு தெரியாம, சொந்தக் கண்ணையே நம்பிடுறாங்க."

"அது நல்லதுதானே சார்?"

"நல்லதுதான். ஆனா அது அவங்க குணமில்லை. ஆள் கிடைக்கலை, அவ்வளவுதான்." கரண்டியை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு வயசு என்ன?"

"நாப்பத்தி மூணு. எதுக்கு சார், பென்ஷன் குடுக்கப் போறீங்களா?"

"என் வகுப்புல வந்து மாணவியா உக்காருங்க."

"நான் எட்டாவதோட நின்னவ."

"தப்பா பதில் சொல்றதுக்கு எட்டாவது தாராளமாப் போதும்."

அவர் கணக்கு பிசகவில்லை. சாப்பாட்டு மேசையில் மூத்தவர் கரண்டியை எடுக்கும்வரை இளையவர் எடுக்காத ஊர் இது. சாராயக் கிண்ணத்தைக்கூட மூத்தவருக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பிக் குடிப்பார்கள். பிந்திப் படிக்க வந்த நாற்பத்து மூன்று வயது அக்கா ஒருத்தி வகுப்பில் உட்கார்ந்தால், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். பேராசிரியர் வயது வரிசைப்படி கேட்டார். ஓக்ரியே எழுந்து, குட்டையான கோட்டைக் காட்டி, "ரெண்டாவது" என்றாள். அடுத்தது பட்டாளத்துக்குப் போய்த் திரும்பிய பையன். அட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "ரெண்டாவது" என்றான். அதன்பிறகு கேட்க வேண்டியதே இல்லை. ரெண்டாவது, ரெண்டாவது என்று கடைசி பெஞ்சு வரை போயிற்று. ஊரோடு ஒக்க ஓடு என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டியது.

ஓக்ரியே நிலக்கரி ஊரில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவள். பதினான்கு வயதில் நெசவாலைக்குப் போனாள். பிறகு ஐந்து மருமகள்கள் இருந்த வீட்டுக்குக் கடைசி மருமகளாக வந்தாள். எல்லாரும் பேசி முடித்து, பேச்சே ஆறிப்போன பிறகுதான் அவள் முறை வரும். அப்போது சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. புருஷன் செத்து, மகள் கல்யாணமாகித் துறைமுக ஊருக்குப் போனபிறகு கேட்பாரே இல்லை. அப்படிப்பட்டவள் வாயைத் திறந்ததும் இருபது முப்பது பேர் அதையே திருப்பிச் சொன்னால் எப்படி இருக்கும்? இனித்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் இனித்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

மூன்றாவது வருஷம்தான் வினை தெரிந்தது. வீட்டில் கிம்ச்சி ஊறுகாய்க்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு துண்டுகளில் எது நீளம் என்று பார்த்தால் பிடிபடவில்லை. கண் இது என்றது. உள்ளே ஏதோ ஒன்று, பொறு, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்றது. அடுக்களையில் அவளைத் தவிர யாரும் இல்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

ஆண்டுக்கு இரண்டு பருவம்; ஒவ்வொன்றிலும் முதல் நான்கு வாரம் அவள் வகுப்பில் உட்கார்வாள். கோடு முதல் வாரப் பாடம். நான்காவது வாரப் பாடம் புகை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்; பான் வகுப்பில் நெருப்பில்லாமலே புகையும். வகுப்பறையின் ஒரு சுவரில் பெரிய கண்ணாடி பதித்திருந்தது. இந்தப் பக்கம் பார்த்தால் நம் முகம் தெரியும்; அந்தப் பக்கம் ஒரு சின்ன இருட்டறை, அங்கிருந்து பார்த்தால் வகுப்பு முழுக்கத் தெரியும். பேராசிரியர் "ஐந்து நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டு அந்த அறைக்குள் போய், மேடை நாடகத்துக்குப் புகை விடும் இயந்திரத்தைப் போடுவார். கூரை ஓரத்துக் காற்றுத் துளை வழியாக வெள்ளைப் புகை வகுப்புக்குள் இறங்கும். ஓக்ரியே அசையாமல் உட்கார்ந்து புத்தகத்தின் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அவள் எழும்வரை யாரும் எழமாட்டார்கள். ஒரு இலையுதிர்காலத்தில் ஒன்பது நிமிஷம் அப்படி ஓடியது. இருமி இருமிக் கண்ணில் நீர் வழிந்த ஒரு பையன், கடைசியில் அவள் எழுந்ததும் ஓடிவந்து குனிந்து வணங்கி, "பெரியக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான்.

அதற்குப்பின் பேராசிரியர் உள்ளே வந்து வேஷத்தைக் கலைப்பார். யார் இந்த அக்கா என்று சொல்வார். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு சிரிக்கமாட்டார்கள். "ஆபத்துன்னா கூட்டத்தைப் பார்த்துக் கத்தாதீங்க," என்பார். "கூட்டத்துக்குக் காது கிடையாது. ஒரே ஒரு ஆளைப் பிடிங்க. சட்டை நிறத்தைச் சொல்லுங்க, பேரைச் சொல்லுங்க. அப்பதான் அது மனுஷனாகும்." இதை ஓக்ரியே பதினோரு வருஷத்தில் இருபத்தோரு தடவை கேட்டுவிட்டாள். நடுவில் நிறுத்திக் கேட்டாலும் மீதியைச் சொல்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அந்த ஒன்பது நிமிஷத்துக்குப் பிறகு வந்த பயம். அதைப் பேராசிரியரிடம் சொல்லியும் விட்டாள்.

"சார், ஒருநாள் நெஜமாவே பத்திக்கிட்டா? நான் உக்காந்திருப்பேன். என்னைப் பார்த்து அத்தனை பிள்ளைங்களும் உக்காந்திருக்கும்."

பான் சிரித்தார். "மத்தவங்களுக்குத்தான் அது. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே அக்கா."

இருபத்திரண்டாவது தடவை மார்ச் கடைசியில் வந்தது. ஏரிப் பக்கமிருந்து பனியும் மழையும் கலந்து அடித்தது. இருபத்து நான்கு பிள்ளைகள். உள்ளே நுழைந்ததுமே ஓக்ரியேவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எல்லாரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். பச்சை ஸ்வெட்டர் போட்ட மோக் சொல்பி என்ற பெண், சூடான டப்பாக் காபி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பெரியக்கா, இன்னிக்கு நல்லா பண்ணுங்க."

"எதை?"

சொல்பி உதட்டைக் கடித்துக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள். பட்டாளம் முடித்து வந்த கி தேயுக் குனிந்து தோள் குலுங்கச் சிரித்தான். மூத்த மாணவர் யாரோ காலையில் வகுப்பின் செல்போன் குழுவில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார்: பெரியக்கா உணவகத்து ஆள், இன்று புகை வரும், எல்லாம் நாடகம், பயப்படாதீர்கள். அவளுக்கு அது தெரியாது. பேராசிரியருக்கும் தெரியாது.

பான் தன் செல்போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். பிள்ளைகளின் முகத்தைப் பதிவு செய்ய வழக்கமாக அப்படித்தான் வைப்பார். "ஐந்து நிமிஷத்துல வரேன்" என்றார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. பக்கத்து இருட்டறைக் கதவின் மின்பூட்டு பூட்டிக்கொள்ளும்போது பாடுகிற சின்ன ராகமும் கேட்டது.

புகை வந்தது. ஆனால் அது அவளுக்குத் தெரிந்த புகை இல்லை. பேராசிரியரின் புகை வெள்ளையாகக் கொழகொழவென்று இறங்கும், சர்க்கரை தீய்ந்த வாசனை அடிக்கும். இது மெல்லியதாக, மஞ்சளாக, கூரையோடு ஒட்டிக்கொண்டு ஊர்ந்தது. வாசனை மூக்கில் ஏறியது. உணவகத்தில் தட்டு கழுவும் இயந்திரத்தின் பட்டை ஒருமுறை எரிந்தபோது வந்த வாசனை. ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரிகிற வாசனை.

தெரிந்துவிட்டது. அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒரு முகத்திலும் பயம் இல்லை. சொல்பியின் கன்னத்தில் குழி விழுந்திருந்தது. இருபத்து நான்கு பேர், எல்லாம் படிக்கிற பிள்ளைகள். இவர்களுக்குத் தெரியாததா எட்டாவதோடு நின்ற எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். புது இயந்திரம் வாங்கியிருப்பார். புது மருந்தாக இருக்கும். பக்கத்தைத் திருப்பினாள்.

அப்போது கண்ணாடிக்குப் பின்னால் தட்டும் சத்தம் கேட்டது.

டக், டக், டக். மெதுவான சத்தம்தான். ஒலி வெளியே வராமலிருக்க அந்த அறை முழுக்க நுரைப்பஞ்சு ஒட்டியிருந்தது. வகுப்பு ஒரு கணம் அடங்கி, பிறகு கொல்லென்று சிரித்தது.

"ஐயோ, சார் புதுசா பேயெல்லாம் சேர்த்திருக்காரு!"

"தேயுக் அண்ணே, பதில் சொல்லுங்க. வயசுல பெரியவரு சும்மா இருக்கலாமா?"

தேயுக் எழுந்து கண்ணாடி முன்னால் போய், இடுப்பை வளைத்துப் பெரிய கும்பிடு போட்டான். கண்ணாடியில் அவன் உருவமும் அவனுக்குக் கும்பிடு போட்டது. விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினான். டக், டக். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது. கொஞ்சம் கீழே இருந்து வந்தது, முழங்கால் உயரத்திலிருந்து. மறுபடி சிரிப்பு. சொல்பி கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்தாள். பின்பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் கையசைத்தார்கள்.

அதன்பிறகு தட்டல் வரவில்லை.

பதினோரு வருஷத்தில் பேராசிரியர் ஒருநாளும் தட்டியதில்லை. பார்க்கிறவர் பார்ப்பது தெரியக்கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. ஓக்ரியே இடது பக்கம் பார்த்தாள், சிரிப்பு. வலது பக்கம் பார்த்தாள், சிரிப்பு. முன்னால் இருந்த ஒரு பெண் இருமிக்கொண்டே சிரித்தாள். எழுந்தால் இந்தப் பிள்ளைகள் என்ன நினைக்கும்? சாரின் பாடம் கெட்டுப்போகுமே? கை தானாக இன்னொரு பக்கத்தைத் திருப்பியது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

விளக்கு ஒரு தடவை துடித்து அணைந்தது. காற்றுத் துளையிலிருந்து மை ஊற்றினாற்போல் கருப்பாக இறங்கியது. அப்போதுதான் அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எழுந்திரிங்க! நெஜமான நெருப்பு! வெளிய போங்க!"

வகுப்பு கைதட்டியது.

"அடேங்கப்பா, என்னமா நடிக்கிறாங்க!"

"அக்கா, நீங்க உணவகத்து அக்கான்னு எங்களுக்குத் தெரியும். சும்மா உக்காருங்க."

"முகத்தைப் பாரு, முகத்தை! அழுதுடுவாங்க போல இருக்கே!"

ஜன்னல் வழியாக வந்து மஞ்சளாகிப்போன வெளிச்சத்தில் இருபத்து நான்கு புன்னகைகள் அவளைப் பார்த்தன. சிலர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். இருமல் வந்தவர்கள் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தன. ஏமாறக்கூடாது என்ற உறுதி ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. அதைக் கண்டு அவள் நெருப்பைவிட அதிகமாகப் பயந்தாள். பேய்கள்கூட இப்படி உட்கார்ந்திருக்காது.

பேராசிரியரிடம் இருபத்தோரு தடவை கேட்டது எங்கேயோ அடியில் கிடந்தது. அவள் கத்துவதை நிறுத்தினாள். நேரே நடந்து போய் ஒரே ஒருத்தி முன்னால் நின்றாள்.

"மோக் சொல்பி. பச்சை ஸ்வெட்டர். உன்னைத்தான்டி. என் கண்ணைப் பாரு. இந்தக் கையைப் பிடி, எழுந்திரு."

கன்னத்துக் குழி மறைந்தது. தூங்கி எழுந்தவள்போல் சொல்பி சுற்றிலும் பார்த்தாள். "அக்கா... இது..." என்றாள். கூரையைப் பார்த்தாள். அலறினாள்.

ஓக்ரியே அடுத்தவன் பெயரைச் சொன்னாள். நான்கு வாரமாக வருகைப் பதிவில் கேட்ட பெயர்கள், ஒவ்வொன்றாக வந்தன. பெயரைச் சொன்னதும் ஒரு புன்னகை அணையும், ஒரு ஆள் எழும். பெயர் சொல்லப்படாதவர்கள் தங்கள் பெயர் வரும்வரை உட்கார்ந்தே இருந்தார்கள். படிக்கட்டில் அவர்களை இறக்கிவிட்டு, தேயுக்கின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து அறைக் கதவுக்கு ஓடினாள். மின்பூட்டில் எண்கள் எரியவில்லை. கைப்பிடி சுட்டது. தேயுக் தீயணைப்பு உருளையைத் தூக்கிப் பூட்டின்மேல் நான்கு தடவை இறக்கினான். கதவு திறந்ததும் வெளியே வந்த புகை அவர்கள் இரண்டு பேரையும் சுவரோடு தள்ளியது. உள்ளே போக முடியவில்லை.

கீழே முற்றத்தில் பனிமழையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தீயணைப்பு வண்டி வளைவில் திரும்பியபோது ஒருவன் தாழ்ந்த குரலில், "வண்டிகூட ஏற்பாடு பண்ணிட்டாரு" என்றான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் மறுக்கவுமில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தூக்குப் படுக்கையில் வைத்து முகம் மூடி ஒருவரைக் கொண்டு வந்தார்கள். தேயுக் தன் வலது கை விரல் முட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாக்கடை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

இயந்திரத்தின் கம்பி பழையது. அது எரிந்ததில் பூட்டுக்குப் போன மின்சாரமும் நின்று, உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாமல் போயிற்று. நுரைப்பஞ்சு பற்றிக்கொண்டது. அந்த இருட்டறைக்கு ஜன்னல் கிடையாது. அவர் செல்போன் வகுப்பு மேசைமேல் இருந்தது.

மருத்துவமனையின் துக்க மண்டபத்தில் பேராசிரியரின் படத்துக்குச் சாமந்திப்பூ வைத்திருந்தார்கள். இருபத்து நான்கு பேரும் கருப்பு உடையில் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே போகவில்லை. ஓக்ரியே வரும்வரை நின்றார்கள். அவள் போய் மண்டியிட்டுத் தலை தரையில் பட வணங்கியபிறகு, பின்னால் எல்லாருடைய முழங்கால்களும் ஒரே நேரத்தில் தரையில் படும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

மறுநாள் தீயணைப்புத் துறை விசாரணை அதிகாரி போங் அவளை அலுவலகத்துக்கு அழைத்தார். ஐம்பது வயது இருக்கும், இதமாகப் பேசுகிறவர். பார்லி டீ ஊற்றிக் கொடுத்தார். பேராசிரியரின் செல்போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. பிள்ளைகளை விசாரித்துவிட்டார். எப்போது நிஜம் என்று தெரிந்தது என்ற கேள்விக்கு இருபத்து நான்கு பேரும், பெரியக்கா தங்கள் பெயரைச் சொன்னபோது என்று சொல்லியிருந்தார்கள்.

"நீங்க இல்லேன்னா அத்தனை பேரும் போயிருப்பாங்கம்மா. அதை முதல்ல சொல்லிடுறேன்." திரையில் படத்தை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். ஓக்ரியே தன்னையே பார்த்தாள். திரையில் அவள் மூக்கு லேசாகத் தூக்கியிருந்தது. "இங்க ஒரு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட். இங்கயே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, இல்லையா?"

"ஆமா சார்."

"பேராசிரியர் தட்டினது ரெண்டரை நிமிஷத்துல. நீங்க எழுந்தது அஞ்சு நிமிஷம் இருபதாவது செகண்ட்ல."

"ஆமா."

அவர் பேனாவை உருட்டினார். "பயத்துல உடம்பு மரத்துப் போகும். சகஜம். எங்க ஆளுங்களுக்கே ஆகியிருக்கு. அப்படின்னு எழுதிக்கட்டுமா?"

தலையை ஆட்டினால் போதும். அதிகாரியும் அதைத்தான் விரும்பினார். பதினோரு வருஷம் கூசாமல் பொய் சொன்னவளுக்கு இந்த ஒன்று பெரிதா என்ன? ஆனால் வரவில்லை.

"உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு சார். யாருமே பயப்படலை. நான் மட்டும் எப்படிப் பயப்படுறதுன்னு உக்காந்திருந்தேன்."

போங் எழுதவில்லை. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள், "அந்த இடத்தை மறுபடி போடுங்க" என்றாள்.

அவர் போட்டார். அவள் விரல் மடக்கி எண்ணினாள். அந்த நான்கு நிமிஷத்தில் பதினான்கு தடவை அவள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருந்தாள். பேராசிரியர் தட்டிய கண்ணாடியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.